வேற லைன் சூப்பர்வைசர்

நான் வாய் திறக்கும் முன்பே மணியில் கை வைத்திருக்கும் மாண்புமிகு தலைவர் அப்துல் ஹமீத் பாய் அவர்களே, வெயிலையே வியர்க்க வைத்து வீற்றிருக்கும் பெரியோர்களே, ஊசிமுனையால் உலகத்தின் கால்களுக்கெல்லாம் காவல் தைக்கும் தாய்மார்களே, கட்டுப்போட்ட காலை நாற்காலியில் நீட்டி, கொலுவிருக்கும் அரசியாய் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தையல் பிரிவின் செல்ல மகள் மோகனாவே, கம்பெனி வாசலில் புறப்படத் துடித்து நிற்கும் பேருந்தே, உங்கள் அனைவருக்கும் இந்த இன்பராஜின் இமயம் தொடும் வணக்கம்.

இந்தப் பேருந்து எப்படி வந்தது? வானத்திலிருந்து குதித்ததா? வாணியம்பாடிச் சந்தையில் கிடைத்ததா?

இல்லை. நம் ஷூ கம்பெனி ஒருநாள் பேருந்தை நிறுத்தியது. பெண்கள் நெடுஞ்சாலை ஓரமாய் நடந்தார்கள். ஒரு லாரி வந்து மோகனாவின் காலை ஒடித்தது. மறுநாள் காலை தையல் பிரிவே எழுந்து வந்து நெடுஞ்சாலையில் அமர்ந்தது. கேட்டது கிரீடமா? கோட்டையா? கேட்டது பேருந்து, வெறும் பேருந்து.

அன்று தேங்கிய லாரி வரிசைக்குத் தலை ஆம்பூரில், வால் வாலாஜாபேட்டையில். நடுவில் நின்ற டிரைவர் ஒருவருக்கு அங்கேயே பெண் பார்த்து நிச்சயமும் முடிந்துவிட்டது. சிரிக்காதீர்கள், சாட்சிக்கு ஆள் இருக்கிறது.

அந்த வரிசையில்தான் வந்து சிக்கியது மத்தியப் படை. அரக்கோணம் பக்கமிருந்து வேறெங்கோ வேறு பணிக்குப் போய்க்கொண்டிருந்த படை. வண்டி வண்டியாய் இறங்கினார்கள். கேடயம், தடி, துப்பாக்கி. அவர்கள் பூட்ஸ் தரையில் பட்டதும் ஏலகிரி மலை ஓரடி பின்வாங்கி நின்றதை என் இரு கண்ணால் கண்டேன். தாய்மார்கள் கைகோத்துக்கொண்டார்கள். பாட்டு நின்றது, பேச்சு நின்றது, பாலாற்றுக் காற்றும் நின்றது.

அப்போது லாரி முதலாளி ஒருவர் அந்தப் படை அதிகாரியிடம் ஓடினார். "இன்னா சார் பாத்துனு நிக்கிறீங்க? உங்க கைல இல்லாததா? ரெண்டு தட்டு தட்டுனா எழுந்து போய்டுவாங்க சார்."

நவநீதன் அண்ணே, மேடையில் அமர்ந்துகொண்டு துண்டால் முகத்தை மூடாதீர்கள். நான் பெயர் சொல்லவே இல்லையே.

அதிகாரி அவரைப் பார்த்தார். பெண்களைப் பார்த்தார். பிறகு இந்தியில் நிதானமாய் ஏதோ சொன்னார். கூட்டத்துக்குப் புரியவில்லை. வீட்டில் உருது பேசும் நம் தையல் பிரிவு பில்கிஸ் எழுந்து காது கொடுத்தாள்.

"இன்னாடி சொல்றாரு?" என்றாள் பக்கத்தில் அமர்ந்திருந்த தோழி ஹெலன்.

அவர் சொன்னது இதுதான். ஊர் அமைதி மாநிலத்தின் பொறுப்பு. மாநிலம் உதவிக்கு அழைத்தால் வருவோம். அழைக்காமல் ஒரு தடியைக்கூட உயர்த்த எனக்கு அதிகாரம் இல்லை. இத்தனை பெரிய சங்கதியை பில்கிஸ் எப்படி மொழிபெயர்த்தாள் தெரியுமா?

"அவரு வேற லைன் சூப்பர்வைசராம்டி. நம்ம லைன்ல கை வெக்க மாட்டாராம்."

ஆகா. கட்டிங் பிரிவு சூப்பர்வைசர் வந்து தையல் பிரிவில் அதட்டினால் நம் பெண்கள் விடுவார்களா? 'உன் லைனைப் பாரு சார்' என்று அனுப்பிவிட மாட்டார்களா? கோத்த கைகள் தளர்ந்தன. சிரிப்பு கிளம்பியது. அந்தச் சிரிப்பு காட்பாடி ஜங்ஷன் வரை கேட்டதாம்.

மாநிலத்தின் சார்பில் தாசில்தார் சுந்தரி அம்மையார் ஜீப்பில் வந்தார். அவ்வளவு பெரிய அதிகாரி அவருக்கு சல்யூட் வைத்து, உதவி வேண்டுமா என்று கேட்டார்.

"மேடம், வேணும்னு மட்டும் சொல்லிடாதீங்க. எங்களுக்கு ஏற்கெனவே முட்டி வலி ஜாஸ்தி," என்றாள் ஹெலன்.

தாசில்தார் சொன்னார்: "ஆள் வேணாம் சார். குடிக்கத் தண்ணி இருந்தா குடுங்க, காலைலேர்ந்து வெயில்ல இருக்காங்க."

துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு தண்ணீர்க் கேன் தூக்கி வந்தது படை. பில்கிஸுக்கு முதல் டம்ளர். குடித்த தெம்போடு தாசில்தாரின் பின்னால் அவள் கம்பெனிக்குள் போனாள். வெளியே வந்தபோது பேருந்தோடு வந்தாள்.

எண்ணிப் பாருங்கள். விமானம் கொண்ட டெல்லி, கப்பல் கொண்ட டெல்லி, கடல் முதல் பனிமலை வரை காவல் கொண்ட டெல்லி. அந்த டெல்லியின் கை, நம் பெண்களின் தலைக்கு மேல் ஓங்காமல் நின்றது. தடுத்தது யார்? சுவரா? பீரங்கியா? ஊர் அமைதி மாநிலத்தின் பொறுப்பு என்று அரசியலமைப்புச் சட்டப் புத்தகத்தில் இருக்கும் ஒரு வரி. உள்நாட்டுக் குழப்பத்திலிருந்து மாநிலத்தைக் காப்பது ஒன்றியத்தின் கடமை என்றும் அதே புத்தகம் சொல்கிறது. மறுக்கவில்லை. காக்க வருவது வேறு, கேட்காமல் கை வைப்பது வேறு.

யாரது பின்வரிசையில்? "நம்ம ஊரு போலீசே அடிச்சா?" என்கிறீர்களா? நல்ல கேள்வி. வரி யாருக்கும் வரிதான். அவர்கள் தாண்டினால் இதே சாலையில், இதே ஊரில், முகத்துக்கு நேரே கேட்போம். பக்கத்தில் இருப்பவரைக் கேட்பது சுலபம். டெல்லியைக் கேட்க டிக்கெட் எடுக்க வேண்டும்.

பலம் இருந்தும் தன் எல்லையில் நின்ற அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றும் மெய் சிலிர்க்கிறது. அடிப்பதற்குக் கை போதும். நிற்பதற்கு நெஞ்சு வேண்டும், நீதி வேண்டும், நினைவில் அந்த ஒரு வரி வேண்டும். என் தாய்மார்களே, அந்த வரியைத் தோலைவிடக் கெட்டியாய்த் தைத்து வையுங்கள். பிரிந்தால் மீண்டும் தையுங்கள்.

மணி அடித்துவிட்டார் தலைவர். மூன்று நாள் பேச விஷயம் இருக்கிறது, தொண்டையும் இருக்கிறது. ஆனால் மணி அவருடைய லைன். அதோ ஹாரன் அடிக்கிறார் டிரைவர் முக்தார் அகமது. சாலை அவருடைய லைன். என் லைன் இந்த மைக் வரைக்கும்தான். பொறுத்தருளிய உங்களுக்கு நன்றி.

வழி விடுங்கள் ஐயா. மோகனா முதலில் ஏறட்டும். வணக்கம்.