காலி வீட்டுக்கான விலை

ஆளில்லாத வீட்டில் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்க்கவே கூடாது சார். சுற்றி டேப் ஒட்டி, மூடியது மூடியபடியே வண்டியில் ஏற்றிவிட வேண்டும். இந்தத் தொழிலில் நான் முதலில் கற்றது அதுதான். அடுத்தது விலை சொல்வது. குப்பைக்குக் கன கெஜம் முப்பது டாலர், ஃப்ரிட்ஜுக்குத் தனியாக நாற்பது, பூட்டு மாற்ற அறுபது, குளிரில் குழாய் வெடிக்காதபடி தண்ணீரை வடித்து ஹீட்டரை அணைக்க நூறு. குறைத்துச் சொன்னால் சந்தேகம் வரும். கூட்டிச் சொன்னால் அடுத்தவனைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

அந்த வருடம் டொலீடோ நகரத்தில் கடன் கட்டாதவர்களின் வீடுகளை வங்கிகள் பறித்த வேகத்தில் வேலைக்குப் பஞ்சமே இல்லை. வேலை கொடுப்பவர்களைப் பிடிப்பதுதான் பாடு. வங்கிக்காக வீடு விற்றுத்தரும் ஏஜெண்டுகளின் அலுவலகங்களுக்கு ஆறு மாதம் டோனட் பெட்டியோடு அலைந்தேன். டோனட்டை மட்டும் எல்லோரும் மனமுவந்து ஏற்றுக்கொண்டார்கள். பிப்ரவரியில் டார்லீன் ஹோய்ட் என்ற ஏஜெண்ட் இரங்கினார்.

"கிரேடி, ஆல்வுட் தெருல ஒரு வீடு. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள சுத்தம் பண்ணி முடிச்சுட்டு போட்டோ அனுப்பு. எங்கிட்ட இருக்கற முப்பத்தோரு வீடும் உனக்குத்தான்."

"காலி வீடுதானே மேடம்?"

"ஆள் இருந்தா போன் பண்ணச் சொல்லி கதவுல நோட்டீஸ் ஒட்டி மூணு நாளாச்சு. ஆள் இருந்தா கிழிச்சுட்டு போன் பண்ணியிருப்பான்ல? அப்படி இருந்தா அது கோர்ட்டு விவகாரம் கண்ணு, அஞ்சு மாசம் இழுக்கும். நீ மறுபடி டோனட்டத் தூக்கிட்டு அலைய வேண்டியதுதான்."

புதன்கிழமை போனேன். நோட்டீஸ் ஒட்டியபடியே இருந்தது. முன்வாசல், பின்வாசல் பூட்டுகளை மாற்றினேன். தண்ணீரை வடித்தேன். ஹீட்டரை அணைத்தேன். அப்போதுதான் மாடியில் யாரோ இருமினார்கள்.

ஏறிப் போய்ப் பார்த்தால், திரை மூடிய அறையில் நான்கு போர்வைக்குள் ஒரு கிழவர். அந்த வீட்டை வங்கியிடம் இழந்த ஃபெரிஸ் ஓடம் என்பவர்.

"பேங்க்கா?"

"இல்ல சார். சுத்தம் பண்றவன்."

"முன்கதவு பக்கமே நான் போறதில்ல தம்பி. லைட்டும் போடறதில்ல. ஞாயித்துக்கிழம சர்ச் அம்மா பின்வாசல் வழியா வந்து சூப்பு வச்சுட்டுப் போவாங்க. நான் இருக்கேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதப்பா. பனியில தூக்கி வெளிய போட்டுடுவாங்க."

"சொல்ல மாட்டேன் சார்."

"தங்கமான புள்ள. அந்த ஹீட்டர என்னன்னு பாரு, திடீர்னு குளுருது."

பார்க்கிறேன் என்று இறங்கினேன். யோசித்துப் பாருங்கள். நான் சொல்லியிருந்தால் அவருக்குத் தெரு, எனக்கு டோனட். சொல்லாமல் விடச் சொன்னவரும் அவர்தான். மாடிப்படியின் அடியில், மேலே போகும் வழியை அடைக்கிற ஒரு கதவு இருந்தது. அதற்கும் ஒரு பூட்டுப் போட்டேன். அதற்கு நான் காசு கேட்கவில்லை.

வியாழன் முழுக்கக் கீழ்த்தளத்தைச் சுத்தம் செய்தேன். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி. மேலே தரையில் கிழவரின் கைத்தடி தட்டிக்கொண்டே இருந்தது. மூன்று தட்டு, சற்று நிறுத்தம், மறுபடி மூன்று. பயத்தில் இரண்டு தடவை வாளியைக் கவிழ்த்துவிட்டேன்.

"தம்பி, இருக்கியா? சரியாச்சா?"

மெல்லத்தான் கேட்டார். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமோ என்ற பயம் எங்கள் இருவருக்குமே இருந்தது.

"பாத்துட்டே இருக்கேன் சார்."

அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. வண்டிக்குப் போய் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கால்விரல் மரத்துப்போயிருந்தது. வேறொன்றுமில்லை.

சாயங்காலம் டார்லீன் போன் செய்தார்.

"படிவத்துல காலின்னு டிக் அடிச்சு இப்பவே அனுப்பேன். போட்டோ நாளைக்கு வரட்டும்."

"இல்ல மேடம். நாளைக்குச் சேத்தே அனுப்பறேன்."

"ரொம்பத்தான் சுத்தக்காரன் நீ."

வெள்ளிக்கிழமை காலை வாசலில் நின்று அரைமணி நேரம் காது கொடுத்தேன். ஒரு தட்டும் இல்லை. மாடிக் கதவைத் திறந்து ஏறினேன். அவர் கையைத் தொட்டுப் பார்த்தேன். நெஞ்சில் காதை வைத்தும் பார்த்தேன், அவசரப்படவில்லை. பிறகுதான் டிக் அடித்தேன்.

வாக்குமூலத்தில் இதை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள் சார். உள்ளே ஆள் இருக்கும்போது காலி என்று நான் எழுதவில்லை. பொய் எழுதிப் பிழைக்கிற ஆள் நான் இல்லை.