ஜனவரி இருபதாம் திகதிச் சம்பளம்

பெயர்: ஜெயக்குமரன் யதுஷா. வயது: 15. தொழில்: மாணவி, தரம் 10. முகவரி: 37ஆம் ஒழுங்கை, ஐந்தாம் மாடி, வெள்ளவத்தை, கொழும்பு 06. திகதி: 2023.06.08. நேரம்: மு.ப. 11.40.

நான் மேற்படி முகவரியில் பெற்றோருடனும், அம்மாவின் தம்பியாகிய ராகுலன் மாமாவுடனும் வசித்து வருகிறேன். என்னை விசாரித்த சார்ஜன்ட் நபீஸ் அவர்கள் தமிழ் நன்றாகப் பேசுவார். ஆனால் சிங்கள மொழியில் படித்தவர் என்பதால் தமிழில் எழுதினால் பொழுது சாய்ந்துவிடும் என்று கூறி, பேனையை என்னிடம் தந்தார். எனவே அம்மா பாலேஸ்வரி பக்கத்தில் இருக்க, இதை என் கைப்பட எழுதுகிறேன்.

முறைப்பாடு செய்தவர் பம்பலப்பிட்டியில் வசிக்கும் இளைப்பாறிய வங்கி உத்தியோகத்தர் திரு. ஸ்ரீஸ்கந்தராசா ஆவார். அவருடைய மகள் உஷாந்தி அக்காவுக்கும் என் மாமாவுக்கும் இம்மாதம் 28ஆம் திகதி திருமணம் நடக்க இருக்கிறது. மாமா தன் மாத வருமானத்தைக் கூட்டிக் காட்டி ஏமாற்றிச் சம்மதம் பெற்றார் என்பது முறைப்பாடு. அந்த வருமானத்தைக் கணக்குப் பார்த்துத் தட்டச்சு செய்தது நான் என்பதால் நான் விசாரிக்கப்பட்டேன்.

கடந்த ஜனவரி மாதம் 20ஆம் திகதி மாலை, கலியாணத் தரகர் திரு. இராஜநாயகம் எங்கள் வீட்டுக்கு வந்து மாமாவின் விபரத்தாளைக் கேட்டார். மாமா வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடி இணையத்தளங்கள் வடிவமைத்துக் கொடுத்து, மாதம் 1,200 அமெரிக்க டொலர் பெறுகிறார். நான் அப்படியே தட்டச்சு செய்தேன். அதைப் பார்த்த தரகர், "டொலரில போட்டா ஆக்கள் கப்பலில போற வேலை எண்டு நினைப்பினம், பிள்ளை. ரூபாயில போடும்" என்றார். அதன் பின்னர் நான் அன்று வங்கி டொலரை வாங்கும் விலையான 362 ரூபாயால் பெருக்கி, ரூ. 434,400 என்று மாற்றினேன். பக்கத்தில் திகதியையும் போட்டேன். தாள் அழகாக இல்லை என்று தரகர் திகதியை எடுக்கச் சொன்னார். எடுத்துவிட்டேன். அதற்காக வருந்துகிறேன்.

அதன் பின்னர் சாதகம் பொருந்தி, பெண் பார்க்கும் நிகழ்வும் நடந்தது. பெரியவர்கள் மண்டபத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தபோது உஷாந்தி அக்கா என்னை அறைக்குள் அழைத்துத் தன் கணினியைக் காட்டினார். அவரும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இணையவழியில் கணிதம் படிப்பிக்கிறார். மாதம் 500 டொலர் கிடைப்பதாகச் சொன்னார்.

மார்ச் மாதம் முதல் டொலர் இறங்கத் தொடங்கியது. எங்கள் வணிகப் பாட ஆசிரியை, தினமும் மாறும் ஒன்றைத் தெரிவு செய்து குறித்து வரச் சொல்லியிருந்ததால் நான் டொலர் விலையைக் குறித்து வந்தேன். இரவுச் சாப்பாட்டின்போது அன்றைய விலையை வாசிப்பேன். மே மாதத்தில் ஒரு நாள் மாமா, "சாப்பிட்டு முடிய வாசியும்" என்றார். அதிலிருந்து சாப்பிட்டு முடிந்த பின்னரே வாசித்தேன்.

இம்மாதம் 6ஆம் திகதி மாலை திரு. ஸ்ரீஸ்கந்தராசா மைசூர்பாகுப் பெட்டியுடன் எங்கள் வீட்டுக்கு வந்தார். கூறைச்சேலை எடுக்கச் சென்னைக்குப் போய் முதல் நாள்தான் திரும்பியிருந்தார். "ஜனவரியில போயிருந்தா கூறை மட்டும்தான். இப்ப டொலர் மலிஞ்சதால அதே காசுக்குக் கூறையும் எடுத்து, தாலிகட்டுக்கு வாற பெண்டுகளுக்கும் சேலை எடுத்தாச்சு. டொலர் விழுந்தது எங்கட நல்ல காலம்" என்றார். மாமா மைசூர்பாகு எடுக்கவில்லை.

"என்ன தம்பி, முகம் வாடிக் கிடக்கு?" என்று அவர் கேட்டார்.

மாமா மைசூர்பாகுப் பெட்டியை மூடினார். விருந்தினர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை அல்ல என்பதால் நான், "டொலர் விழுந்தா மாமாட சம்பளமும் விழும், அங்கிள்" என்று சொன்னேன். அம்மா என் காலை மிதித்தார். தவறுதலாகப் பட்டது என்று நினைத்து, காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். அதன் பின்னர் என் அப்பியாசக் கொப்பியைக் கொண்டுவந்து, அன்றைய விலையான 288ஆல் பெருக்கி, ரூ. 345,600 என்றும், குறைவு ரூ. 88,800 என்றும் காட்டினேன்.

அவர் கையிலிருந்த தேநீரை வைத்துவிட்டு, "அப்ப எங்களுக்கு எழுதித் தந்தது பொய்யோ?" என்று கேட்டார்.

"ஜனவரி இருபதாம் திகதி உண்மை, அங்கிள்" என்றேன்.

அவர் எழுந்து போய்விட்டார். லிப்ட் வேலை செய்யவில்லை. ஐந்து மாடியும் இறங்கும்வரை அவர் கதைத்துக்கொண்டு போனது கேட்டது. மறுநாள் முறைப்பாடு செய்தார். நான் அன்று பாடசாலைக்குப் போகவில்லை. மாமா இரண்டு நாட்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

இன்று காலை 10 மணிக்கு இரு பகுதியினரும் பொலிஸ் நிலையத்துக்கு வந்தோம். மாமா நிச்சயதார்த்தத்துக்குப் போட்ட நீலச் சட்டையைப் போட்டிருந்தார். எதிர் வாங்கில் உஷாந்தி அக்கா தன் தந்தையாருக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்தார். மாமாவும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. ஆனால் அக்காவின் விரல் கைபேசியில் ஓடி நின்ற ஒவ்வொரு தடவையும் மாமாவின் சட்டைப்பை அதிர்ந்தது.

"மாசம் எண்பத்தெண்ணாயிரம் குறையுது, சேர். இது மோசடி இல்லாமல் வேற என்ன?" என்று திரு. ஸ்ரீஸ்கந்தராசா கூறினார்.

"எனக்கு டொலரில ஒரு சதமும் குறையேல்ல, சேர்" என்று மாமா கூறினார்.

"கொறஞ்சிக்கா, கொறயல்லயா?" என்று சார்ஜன்ட் கேட்டார். இருவரும் ஒரே நேரத்தில் வேறு வேறு பதில் சொன்னார்கள். அதன் பின்னர் அவர் என் பக்கம் திரும்பி, "மகள், அந்தத் தாளக் காட்டுங்க" என்றார்.

நான் கொண்டுவந்திருந்த கோவையில் மாமாவின் தாளும், பெண் வீட்டார் தந்த உஷாந்தி அக்காவின் விபரத்தாளும் இருந்தன. இரண்டையும் கொடுத்தேன். கொடுக்கும்போது அக்காவின் வருமானம் ரூ. 185,500 என்று கையால் எழுதப்பட்டிருப்பதைக் கண்டு, பிழையோ என்று ஐயப்பட்டு, "அங்கிள், ஐந்நூறு டொலரை 362ஆல பெருக்கினா இது வராது. 371ஆல பெருக்கினாத்தான் வரும். அது வங்கி விற்கிற விலை. எங்களிட்ட வாங்கேக்க அந்த விலை தரமாட்டினம்தானே?" என்று கேட்டேன்.

திரு. ஸ்ரீஸ்கந்தராசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, போட்டு, தாளைப் பார்த்தார்.

"இது ஆர் எழுதினது?" என்று கேட்டார்.

"உங்கட கையெழுத்து, அப்பா. நான் டொலரில போடுங்கோ எண்டு சொன்னனான்" என்று உஷாந்தி அக்கா கூறினார்.

"அந்தத் தரகர்தான் ரூபாயில கேட்டவர். முப்பத்தொரு வருசம் கவுண்டருக்கு உள்ளுக்கு இருந்தனான், அந்தப் பழக்கத்தில விற்கிற விலை வந்திட்டுது" என்று அவர் கூறினார்.

"அப்ப ஸேர், ரெண்டு முறைப்பாடா எழுதவா, ஒண்டுமே எழுதாம விடவா?" என்று சார்ஜன்ட் கேட்டார்.

திரு. ஸ்ரீஸ்கந்தராசா, "இண்டைக்கு என்ன விலை?" என்று கேட்டார். உடனே மாமா, அக்கா, அம்மா, சார்ஜன்ட் ஆகிய நால்வரும் கைபேசியை எடுத்தார்கள்.

"நேற்றையவிட இரண்டு ரூபா கூட" என்று முதலில் அக்கா சொன்னார்.

மாமா எழுந்து நின்று, "நாளைக்குக் குறைஞ்சா திரும்ப இங்க வருவீங்களோ, அங்கிள்?" என்று கேட்டார்.

"நாளைக்குக் கலியாண மண்டபக்காரனுக்கு மிச்சக் காசு குடுக்கப் போக வேணும், தம்பி. ஒன்பது மணிக்கு நீரும் வாரும்" என்று அவர் கூறினார்.

அதன் பின்னர் அவர் முறைப்பாட்டைத் திரும்பப் பெறுவதாகக் கையொப்பமிட்டார். முறைப்பாடு ஏற்கெனவே புத்தகத்தில் ஏறிவிட்டதால், அதை முடிக்கவும் ஒரு வாக்குமூலம் வேண்டும் என்று சார்ஜன்ட் கூறியதன் பேரில் இதை எழுதினேன். இரண்டு தாள்களையும் டொலரில் மீண்டும் தட்டச்சு செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். இம்முறை திகதியை யார் சொன்னாலும் எடுக்கமாட்டேன்.

நானே எழுதியதால் நானே வாசித்துப் பார்த்தேன். இதிலுள்ள ரூபாய்த் தொகைகள் அந்தந்தத் திகதிகளில் மட்டும் உண்மையானவை. மற்றவை யாவும் எல்லாத் திகதிகளிலும் உண்மை.

ஒப்பம்: ஜெ. யதுஷா