மார்பரியின் கெடேரி

– அப்ப மாமா, அந்த மார்பரிக்கு உத்தியோகம் கெடச்சுதுங்களா, இல்லீங்களா?

– கெடைக்கல அம்மிணி.

– அப்ப கேசுல தோத்துட்டாருங்க.

– தோத்தாருன்னும் சொல்ல முடியாது கமலாத்தா. நாயம் உம்பட பக்கந்தான்னு கோடதியே அவருகிட்டச் சொல்லிப்போட்டுது.

– அப்ப செயிச்சுட்டாருங்க.

– செயிச்சாருன்னும் சொல்ல முடியாது.

– மாமா, நான் வயலுக்குத் தண்ணி கட்டப் போவோணும். எங்கட்டுத்தறியில நிக்கற ஒரு கெடேரிக் கன்னுக்கு நாயஞ் சொல்லுங்கன்னு உங்களைப் பாலக்காட்டுல இருந்து கூப்புட்டா, நீங்க அமெரிக்காவுல போயி ஒக்காந்துட்டீங்க.

– பொறு மாப்ளே. பொங்கியண்ணனுக்கு எப்பவுமே அவசரம். அதாகப்பட்டது, நான் குமாஸ்தாவா இருக்கற எங்க வக்கீலய்யா அந்தக் கேசைப் படிச்சுப்போட்டு மூணு நாள் சோறு திங்கல. நாலாம் நாள் தின்னாரு பாரு, ஓட்டல்காரன் கதவைச் சாத்திட்டான். நம்ம நாட்டுக்குப் புதுசா வந்துருக்கற அரசியல் சட்டம் இருக்குதே, அதுக்கே இந்தக் கேசுதான் தாய்மாமன்.

– தாய்மாமனுக்குக் காப்பி ஆறுதுங்க. குடிச்சுப்போட்டுச் சொல்லுங்க.

– கருப்பட்டி பத்தல அம்மிணி.

– கமலா, நெல்லறையத் தொறந்து இன்னொரு கருப்பட்டி எடுத்தா. மாமனுக்கு இனிப்பு எறங்குனாத்தான் வாயி நிக்கும்.

– எடுத்தாந்தாச்சுங்கண்ணா. சாவி இடுப்புலதான இருக்குது. நீங்க சொல்லுங்க மாமா. முதல்ல இருந்து.

– முதல்ல இருந்து கேட்டுக்கோ. அமெரிக்காவுல பழைய பிரசிடெண்டு எறங்கிப் போறாரு. போற நேரத்துல, எங்காளுகளுக்கு ஒரு வழி பண்ணிப்போட்டுப் போறேன்னு வரிசையா உத்தியோகம் போடறாரு. அதுல மார்பரின்னு ஒருத்தருக்கு ஒரு சின்ன நீதிபதி வேலை. கையெழுத்தாச்சு, சீலும் வெச்சாச்சு. ஆனா மார்பரி கைக்கு உத்தரவு போயிச் சேரல. அதுக்குள்ள புதுப் பிரசிடெண்டு வந்துட்டாரு. வந்தவரு, அதைக் குடுக்காதேன்னுட்டாரு.

– அட. நம்ம கதையேதானுங்க மாமா. எங்களைப் பெத்த அய்யன் காசிக்குப் பொறப்பட்ட அன்னிக்கு, இந்தக் கெடேரி நெத்தியில மஞ்சக் குங்குமம் வெச்சு, இது கமலாத்தாளுக்குன்னு நாலு பேரு முன்னால சொன்னாரு. கையெழுத்தும் சீலும் அதானுங்களே.

– சொன்னாரு, சரி. கவுறு உங்கைக்கு வந்துதா? வரல. நம்ம பக்கம் மாட்டுக்குக் கவுறு கைக்குக் கை மாறோணும். நெலத்துக்கு மண்ணு மாறோணும். ஊட்டுக்குச் சாவி மாறோணும். வாயால சொல்றதெல்லாம் காத்துல போற பேச்சு.

– மாப்ளே, இதையேதான் அந்தப் புதுப் பிரசிடெண்டும் சொன்னாரு. நீ அந்த ஊர்ல பொறக்க வேண்டிய ஆளு.

– கைக்கு ஏனுங் மாமா வரல? அய்யன் அந்தக் கவுத்தை உங்ககிட்டக் குடுத்து, கமலாத்தா கையில குடுன்னாரு. நான் அப்பத்தான் கெணத்தடிக்குப் போயிருந்தேன். நீங்க அதை ஆணியில மாட்டிப்போட்டு எலப்புள்ளி பஸ்ஸைப் புடிக்க ஓடுனீங்க.

– ஓடாட்டி பஸ்ஸு போயிருக்கும் அம்மிணி. அடுத்த பஸ்ஸு எந்த வருசம் வரும்னு அந்த டிரைவருக்கே தெரியாது. ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. மார்பரி உத்தரவை அனுப்பாம மேசை மேல உட்டுப்போட்டுப் போனது மார்ஷல்னு ஒரு மந்திரி. அவருதான் அப்பவே பெரிய கோடதிக்கும் தலைமை ஜட்ஜி. கேசு வந்துது பாரு, அவரு முன்னாலயே வந்துது.

– தபாலை மறந்தவனே தபாலுக்கு நாயஞ் சொல்றதா?

– எனக்கு மாலை போட்டுக் கூட்டியாந்தது நீதான் மாப்ளே.

– மாமா, எனக்கு இது வெறுங் கன்னு இல்லீங்க. மூணாறு பாக்டரிக்குப் போன எம்பட ஊட்டுக்காரரு திரும்பிப் பாக்கல. அண்ணி மொகத்தைப் பாத்துப் பாத்துத்தான் சோறு திங்கறேன். கெடேரி கன்னு போட்டா, பாலை டீக்கடைக்கு ஊத்தி எம்பட கஞ்சிய நானே காச்சிக்குவேன். அதனால செயிச்சது ஆருன்னு மட்டும் தெளிவாச் சொல்லுங்க.

– சொல்றேன். மார்ஷல் மூணு கேள்வி கேட்டாரு. மார்பரிக்கு உரிமை உண்டா? உண்டு. சீல் வெச்சப்பவே முடிஞ்சுபோச்சு. உரிமை உள்ளவனுக்குச் சட்டத்துல வழி உண்டா? உண்டு. அந்த வழிய இந்தக் கோடதி குடுக்கலாமா? அதான் முடியாது.

– என்னுங் மாமா இது?

– எனக்கும் முதல்ல புரியல. எங்க வக்கீலய்யாவுக்குப் புரியறதுக்கு நாலு செம்பு மோரு ஆச்சு. அதாகப்பட்டது, குடுன்னு உத்தரவு போடற அதிகாரத்தைப் பெரிய கோடதிக்குக் குடுத்தது காங்கிரசு போட்ட ஒரு சட்டம்.

– அமெரிக்காவுலயும் காங்கிரசா? அங்கயும் ரெட்டைக் காளைக்குத்தான் ஓட்டுப் போடறாங்களா?

– அந்தக் காங்கிரசு வேற மாப்ளே. அவங்க சட்டசபைக்கு அதுதான் பேரு. அந்தச் சட்டம் நாட்டோட பெரிய சட்டத்துக்கு ஒத்து வரலைன்னாரு மார்ஷல். ஒத்து வராததுனால செல்லாது. செல்லாததுனால எனக்கு அதிகாரம் இல்ல. அதிகாரம் இல்லாததுனால மார்பரிக்கு வேலை இல்ல.

– எனக்கு அதிகாரம் இல்லைன்னு சொல்றதுக்கு அவருக்கு அதிகாரம் எங்கிருந்துங் வந்துது?

– அம்மிணி, இந்தக் கேள்விய வக்கீலய்யாகிட்டக் கேட்டுராதே. மறுபடியும் சோறு திங்க மாட்டாரு.

– தலை சுத்துது மாமா. எங்கெடேரிக்குத் தீர்ப்பைச் சொல்லுங்க.

– எழுந்து நிக்கோணுமா? வேண்டாம், உக்காந்தே கேளுங்க. ஒண்ணு. அய்யன் குங்குமம் வெச்சப்பவே கெடேரி கமலாத்தாளுக்கு உரிமைப்பட்டது. ரெண்டு. மாப்ளே அதைப் புடிச்சு வெச்சிருக்கறது தப்பு.

– மாமா.

– முடிக்க உடு மாப்ளே. மூணு. கவுத்தைத் தொட்டவன் அந்த மாட்டுக்கு நாயஞ் சொல்லக்கூடாதுங்கறது ஊருக் கட்டுப்பாடு. நான் தொட்டவன். அதனால மாப்ளே எனக்குக் குடுத்த அதிகாரம் செல்லாது. கெடேரியக் குடுன்னு நான் சொல்ல முடியாது.

– வேற ஆருங் சொல்லலாம்?

– அய்யன் சொல்லலாம்.

– அய்யன் காசியில இருக்காருங்க.

– அதான் அம்மிணி சங்கடம். வெவரந் தெரியாம நான் சொல்லல. மார்ஷலும் இப்பிடித்தான் சொல்லிப்போட்டு ஊட்டுக்குப் போயி நல்லாத் தூங்கிருப்பாரு.

– மாமா, வாயில சக்கரை போடோணும் உங்களுக்கு. உரிமை அவளுக்கு இருந்துட்டுப் போவுது. மாடு எங்கட்டுத்தறியில நிக்கட்டும். நான் இந்தத் தீர்ப்பை ஒத்துக்கிட்டேன்.

– முழுசா ஒத்துக்கிட்டீங்களாண்ணா?

– முழுசாத்தான். மாமன் சொன்ன அத்தனையும்.

– நானும் ஒத்துக்கறனுங்க.

– பாத்தியா மாப்ளே. அழுவாம ஒத்துக்கிட்டா. இவளைக் கோடதிக்கு அனுப்புனா எங்க வக்கீலய்யா திண்டாடிப் போவாரு.

– சரி, நேரமாச்சு. நாத்து உட வெத நெல்லு எடுக்கோணும், ஆளுக வாசல்ல நிக்குது. கமலா, அந்தச் சாவிக் கொத்தைக் கொண்டா.

– மாமா, ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கறனுங்க. காசிக்குப் பொறப்பட்ட அன்னிக்கே அய்யன் பண்ணையத்தை அண்ணனுக்குன்னு சொன்னாரே, அப்ப அண்ணன் எங்க இருந்தாருங்க?

– பொள்ளாச்சிச் சந்தையில. மாடு பாக்கப் போயிருந்தான்.

– சாவிய அய்யன் ஆருகிட்டக் குடுத்துட்டுப் போனாருங்க?

– நீ கெணத்தடிக்குப் போறதுக்கு முந்தி உங்கிட்டத்தான். நான் பாத்துட்டுத்தான நின்னேன். பொங்கியண்ணன் வந்தா கையில குடுன்னாரு.

– குடுத்தனுங்களா?

– அதென்னத்துக்கு இப்ப? நெல்லு எடுக்கோணும்னா நீ தொறந்து உடுவே. நான் கேட்டதில்ல, நீ குடுத்ததில்ல. இப்பக் குடு.

– மாப்ளே, சித்தெ இரு. எனக்கு என்னமோ மார்ஷல் வாசல்ல வந்து நிக்கற மாதிரி இருக்குது.

– மாமா, நீங்க சும்மா இருங்க. கமலா, சாவி.

– பண்ணையம் உங்களுக்குத்தான் உரிமைப்பட்டதுங்கண்ணா. நான் சாவியப் புடிச்சு வெச்சிருக்கறது தப்புதானுங்க. குடுன்னு சொல்ற அதிகாரந்தான் இங்க ஆருக்கும் இல்லீங்க.