அறுபது மில்லிமீட்டர்

பூச்சிகளைப் படம் பிடிக்க ஆசைப்பட்டு என் காமிராக் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். அறுபது மில்லிமீட்டர் லென்ஸ் வாங்குவதா, நூறா, நூற்றைம்பதா? நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: பூச்சிக்கு எவ்வளவு பக்கத்தில் போக உங்களுக்குத் தைரியம் இருக்கிறது? மூன்று லென்சிலும் பூச்சியை ஒரே அளவுக்குப் பெரிதாக எடுக்கலாம். நூற்றைம்பது என்றால் ஒரு சாண் தள்ளி நிற்கலாம். அறுபது என்றால் லென்சின் வாய் பூச்சிக்கு ஒரு விரல் நீளத் தொலைவு வரை போயாக வேண்டும். முகமும் கூடவே போகும்.

ரூலோஃபுக்கு நான் அறுபதை விற்றேன். வழக்கு அவ்வளவுதான் இன்ஸ்பெக்டர் அம்மா. ஏன் விற்றேன் என்று கேட்கிறீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அசென் ஊரில் எங்கள் பூச்சிப் படச் சங்கத்துக்கு அவன்தான் தலைவன். நல்ல குரல்வளம், நாக்கில் அதைவிட நல்ல விஷம். போன வருஷக் கண்காட்சியில் என் மனைவி கெர்தீன் ஒரு தட்டான் படத்தை வைத்திருந்தாள். உடம்பெல்லாம் பனித்துளி, சிறகெல்லாம் மணிமணியாக. ரூலோஃப் அதைத் திரையில் பெரிதாகப் போட்டான்.

"நல்லாப் பாத்துக்குங்க நண்பர்களே. இது பனியில நனைஞ்ச தட்டான் இல்ல. வீட்டுல பாலாடைக்கட்டிக்குப் பக்கத்துல உக்காந்து வேர்த்துக் கொட்டுன தட்டான்."

அரங்கமே சிரித்தது. பூச்சியைக் குளிர்பெட்டியில் போட்டு மரத்துப்போக வைத்துப் படமெடுப்பது எங்கள் ஆட்களிடையே திருட்டைவிடக் கேவலம். கெர்தீன் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். அதன் பிறகு அவள் காமிராவைத் தொடவில்லை. பாட்டுக் குழுவில் சேர்ந்தாள், தோட்டத்தில் கீரை போட்டாள். எல்லாம் துக்கத்தை மறைக்கத்தான் என்று எனக்குத் தெரியும்.

கடைக்கு வருகிறவர்கள் விடவில்லை. "என்ன வீபெ, இந்த லென்ஸ் வாங்கினா குளிர்பெட்டி இலவசமா?" நானும் சேர்ந்து சிரித்தபடி சாமானைக் கட்டிக் கொடுப்பேன். ரூலோஃபைச் சும்மா விடக்கூடாது என்று ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்வேன்.

இந்தக் கோடையில் அவனுடைய நூற்றைம்பது கால்வாயில் விழுந்துவிட்டது. வேறு வேண்டும் என்று வந்து நின்றான். என்னிடம் ஒன்று இருந்தது. இல்லை என்று சொன்னேன்.

"அறுபது எடுத்துக்கோ ரூலோஃப். பூச்சிக் கண்ணோட ஒவ்வொரு முகப்பும் தனித்தனியாத் தெரியும். ஓக் மரப் பொந்துல ஒரு கதண்டுக் கூடு பாத்து வெச்சிருக்கேன். வாசல்ல காவல் நிக்கிற கதண்டை நம்ம சங்கத்துல யாரும் இதுவரைக்கும் எடுத்ததில்ல."

"கதண்டா? குளவி கொட்டினாலே எனக்கு மூச்சு நின்னுடும்னு ஊருக்கே தெரியும். என்னைத் தீர்த்துக்கட்டப் பாக்கிறியா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டான்.

"விடியக்காலையில போவோம். குளிர்ல மரத்துக் கெடக்கும். இதெல்லாம் உனக்கு நான் சொல்லணுமாக்கும்?"

அந்த வார்த்தையில் விழுந்தான். எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் விடியற்காலைதான் வேதம். தட்டானும் பட்டாம்பூச்சியும் அந்த நேரத்தில் கல் மாதிரி இருக்கும்; அதைப் பார்த்துப் பழகியவர்கள் எல்லாப் பூச்சியும் அப்படித்தான் என்று நம்பிவிடுகிறார்கள். கதண்டு தன் கூட்டை இரவெல்லாம் சூடாக வைத்திருக்கும். வாசலில் காவல் ஓயாது. மனிதனின் மூச்சுக்காற்று பட்டால் போதும், கொதித்து வெளியே வரும். சிறுவயதில் என் மாமா பண்ணையில் நான் பார்த்திருக்கிறேன். நூற்றைம்பதோடு நின்றிருந்தால் அவன் மூச்சு அங்கே எட்டாமல்கூடப் போயிருக்கும்.

நாங்கள் போன அன்றைக்குப் புல்லெல்லாம் ஈரம். பையைக் கீழே வைக்காதே, நான் பிடித்துக்கொள்கிறேன் என்றேன். கொட்டினால் உடனே போட்டுக்கொள்ள அவன் வைத்திருந்த ஒவ்வாமை ஊசி அந்தப் பையில்தான் இருந்தது. அவன் மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்தான். குவியம் சரியாக அமைந்ததும் எல்லாரையும் போல மூச்சை விட்டான்.

கதண்டுகள் நிறையக் கொட்டவில்லை. ஓடி வந்து என் முன்னால் முழங்காலிட்டான். கையை மட்டும் நீட்டினான். பையைத்தான் கேட்கிறான் என்று எனக்குப் புரிந்தது. நான் பையைத் தோளில் இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிக்கொண்டேன். என்னை அவன் பார்த்த பார்வை எனக்குத் திருப்தியாக இருந்தது, மறைப்பானேன். கை தானாகக் கீழே விழுந்த பிறகுதான் ஆம்புலன்சைக் கூப்பிட்டேன்.

நேற்று கெர்தீனை என்னைப் பார்க்க விட்டீர்கள், நன்றி. அவள் அழவில்லை.

"அவன் பொய் சொல்லலையே வீபெ. தட்டானைக் குளிர்பெட்டியில வெச்சது நான்தான். அன்னைக்கு ராத்திரியே சூப் குடிக்கிறப்ப உன்கிட்ட சொன்னேனே. மறுவாரம் ரூலோஃப்கிட்டயும் ஒத்துக்கிட்டேன், ரெண்டு பேரும் சிரிச்சோம். கேலி உறுத்தினது உனக்குத்தான்."

அவள் அப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகமே இல்லை. முப்பது வருஷமாக அவள் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையையும் கவனமாகக் கேட்டு வருகிறவன் நான். அதிர்ச்சியில் ஏதோ குழப்பிக்கொள்கிறாள், பாவம்.

அவனைக் கொன்றது நான்தான். கெர்தீனின் மானத்துக்காகத்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள் அம்மா. அவளிடம் மட்டும் மறுபடி கேட்காதீர்கள்.