காலர் மைக்கில் பழுதில்லை

அக்டோபர் மாதம் பதினெட்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. காலையில் தூறல் விழுந்து நின்றது. மாலை வரை வானம் மூடியே இருந்தது. ஒலி அமைப்பவனுக்கு இத்தகைய நாள் உகந்தது. மின்விசிறிகளை மெதுவாகச் சுழலவிட்டால் போதும். அவற்றின் இரைச்சல் மைக்கில் ஏறாது.

ஆய்வாளர் ஐயா, நீங்கள் பண்பாளர். விசாரணையின்போது எனக்குத் தேநீர் வரவழைத்துக் கொடுத்தீர்கள். ஆயினும் எழுந்து செல்கையில், "பாவம், உங்க சாமான் பழசு போல. மைக் மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா மனுஷன் பொழச்சிருப்பாரு" என்று கூறினீர்கள். தேவாலயக் குழுவினரும் அவ்வாறே முடிவு செய்து, ஆராதனையில் அறிவித்தும் விட்டனர். என் மனைவியின் அண்ணன் இறந்ததைப் பற்றி ஊரார் எதை வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும். என் மைக்கைப் பற்றி அவ்வாறு பேச நான் இடமளிக்க இயலாது. அதனாலேயே இதை எழுதுகிறேன்.

தேவாலயத்துக்கும் அதன் பள்ளிக்கும் ஒரே அரங்கம். ஆராதனை, ஆண்டு விழா, பெற்றோர் கூட்டம், எதுவாயினும் ஒலி என் பொறுப்பு. அரங்கின் கோடியில் என் மேசை. அந்த மேசையை மனிதர்கள் நடத்தும் விதத்தைக் கொண்டே அவர்களை அளந்துவிடலாம். கைப்பை, குடை, பால் புட்டி, பாதி குடித்த குளிர்பானம் எல்லாம் அங்கே வந்து சேரும். பாட வராதவர்கள் "சவுண்டு சரியில்ல" என்பார்கள். மைக்கை ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "பின்னாடி கேக்குதா?" என்று என்னையே வினவுவார்கள். போதகர் மைக்கைத் தட்டுவார், தலைமையாசிரியை ஊதுவார். ஒலி நன்றாக இருக்கும்வரை நான் அங்கே இருப்பதே எவருக்கும் தெரியாது. மைக் ஊளையிட்டால் மட்டும் அத்தனை தலைகளும் ஒருசேரத் திரும்பும். ஒரு தலையும் திரும்பாத நிகழ்ச்சியே நல்ல நிகழ்ச்சி. என் தொழிலுக்கு இலக்கணம் அவ்வளவே.

மச்சான் பாடகர் குழுவின் தலைவர், விழாத் தொகுப்பாளர், தேவாலயக் குழுச் செயலர். மூன்று பதவிகளுக்கும் சேர்த்து அவருக்கிருந்த தகுதி ஒன்றே: உரத்த குரல். மைக்கை அணிந்துகொண்டு ஒலிபெருக்கியின் முன்னே செல்ல வேண்டாம் என்று பலமுறை சொல்லியிருந்தேன். சென்ற விழாவில் நேராக அதன் வாயருகே போய் நின்றார். ஊளை எழுந்தது. தலைகள் திரும்பின. அவர் சிரித்தபடி மைக்கிலேயே அறிவித்தார்:

"மன்னிச்சுக்குங்க. எங்க வீட்டு மாப்பிள்ளைக்குக் காது கொஞ்சம் மந்தம். தங்கச்சி அடுப்படியிலேருந்து கூப்பிட்டா ரெண்டு நாள் கழிச்சுத்தான் என்னான்னு கேப்பாரு."

அரங்கம் அதிரச் சிரித்தது. பாடகர் வரிசையில் நின்ற என் மனைவியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் முன்னிருந்த மைக் திறந்திருந்தது. அந்தச் சிரிப்பு ஹெட்போன் வழியே தனியாக என்னை வந்தடைந்தது.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். அரங்கத்துக்குச் செல்லும் ஒலி வேறு. என் ஹெட்போனுக்கு வரும் ஒலி வேறு. ஒரு மைக்கை அரங்கத்துக்கு அடைத்துவிட்டு, நான் மட்டும் அதைக் கேட்கலாம். மேடையிலிருந்து இறங்குபவர்கள் சட்டையில் காலர் மைக் இருப்பதையே மறந்துபோவார்கள். அவர்கள் என்னைப் பற்றி என்ன பேசுவார்கள் என்பதை நான் நன்கறிவேன்.

அந்தப் பதினெட்டாம் நாள் மாலை, பள்ளியின் பரிசளிப்பு விழாவில், மச்சான் தமது கோட்டைக் கழற்றி என் நாற்காலியில் மாட்டினார்.

"புழுங்குது மாப்பிள்ளை. கோட்டப் பாத்துக்குங்க. உங்க பக்கத்துல இருந்து அதுவும் தூங்கிடப் போகுது."

அதன் பையில் அவருடைய கைப்பேசி இருந்தது. மைக்கில் இரைச்சல் வரும் என்பதால் காலர் மைக் அணிபவர் கைப்பேசியை என்னிடம் விட்டுச்செல்ல வேண்டும் என்பது நான் வகுத்த விதி. அதே பையில் அவருடைய இன்ஹேலரும் இருந்தது. அவருக்கு ஆஸ்துமா உண்டு. அது விதியில் இல்லாதது. அவரே மறந்து விட்டுச்சென்றது.

ஆறு மணிக்குச் சிறுவர்களும் பாடகர் குழுவும் சேர்ந்து பாடத் தொடங்கினர். பரிசுக் கோப்பைகளை எடுத்து வர மச்சான் மேடைக்குப் பின்னால் மாடியிலுள்ள சாமான் அறைக்குச் சென்றார். வழக்கப்படி அவருடைய மைக்கை அரங்கத்துக்கு அடைத்தேன். அந்த அறைக் கதவுக்கு உட்புறம் கைப்பிடி இல்லை. கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு நுழைய வேண்டும். கைப்பிடி பொருத்தும்படி கேட்டவர்களிடம் "அடுத்த கூட்டத்துல பாக்கலாம்" என்று சொல்லி வந்தவர் செயலரே. அன்று அவர் கல்லை வைக்கவில்லை.

கதவு அறையும் ஓசை கேட்டது. "அட எழவே" என்றார். ஆராதனையில் அவர் பயன்படுத்தாத சொல். பின்னர் கோப்பைகள் உருண்டன, தூசியில் இருமினார்.

"மாப்பிள்ளை, கேக்குதா? கதவு சாத்திக்கிச்சு. யாரையாச்சும் அனுப்புங்க."

நான் சிறுவர்களின் குரல்களைச் சீர்படுத்திக்கொண்டிருந்தேன். வலப்புறம் ஒருத்தி கூடுதலாகக் கத்தினாள். அவளைச் சற்றே குறைத்தேன்.

"மாப்பிள்ளை… மூச்சு முட்டுது. கோட்டுல மருந்து இருக்கு. சீக்கிரம் வாங்க."

நாற்காலியில் சாய்ந்தபோது கோட்டுப் பையிலிருந்த இன்ஹேலர் என் முதுகில் உறுத்தியது. சற்று முன்னே நகர்ந்து அமர்ந்தேன்.

அவர் கதவைத் தட்டலானார். என் மனைவி பாடிக்கொண்டே மேடையின் பின்திரைப் பக்கம் தலையைத் திருப்பினாள். ஒரு தலை திரும்பினால் மற்றவையும் திரும்பும். கீபோர்டின் ஒலியைக் கொஞ்சம் உயர்த்தினேன். அவள் மீண்டும் முன்னால் பார்த்தாள்.

"வெளையாடாதீங்க மாப்பிள்ளை… உங்களுக்குக் கேக்குதுன்னு… எனக்குத் தெரியும்."

எனக்குக் காது கேட்கும் என்பதை அவர் ஒப்புக்கொண்டது அதுவே முதல் முறை. சபையறியச் சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அதன்பின் அவர் பேசவில்லை. மூச்சு மட்டும், மெல்லிய சீழ்க்கை போல, நெடுநேரம் வந்துகொண்டிருந்தது.

கோப்பைகள் வராததால் காவலாளி ஏறிப் பார்த்தார். மருத்துவமனை வாயிலில் என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "காதுல மாட்டியிருந்தீங்களே, அண்ணன் ஒண்ணுமே சொல்லலையாங்க?" என்றாள். "சத்தமே வரல" என்றேன். "உங்க மேல தப்பில்லீங்க. அந்த மைக்கு சதி பண்ணிடுச்சு" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். அவளைத் தேற்றுவதற்காகச் சொன்ன ஒரு சொல் அது. அதைப் பிடித்துக்கொண்டு, எவரும் சோதித்துக்கூடப் பாராமல், நல்லதொரு கருவியைப் பழித்தது குழுவினருடைய அறிவின் அளவு.

ஆகவே தங்கள் பதிவைத் திருத்திக்கொள்ள வேண்டுகிறேன். மைக் பழையதன்று. பேட்டரி பாதிக்கு மேல் இருந்தது. இரண்டு சுவர்களைக் கடந்தும் ஒரு சொல் சிதையாமல் வந்தது; மூச்சின் ஏற்றமும் இறக்கமும் தெளிவாகக் கேட்டன. பாடல்கள் நிறைவுற்று அரங்கம் கைதட்டியபோது என் ஹெட்போனில் எந்த இரைச்சலும் இல்லை; மூச்சும் இல்லை. அன்று ஒரு தலைகூட என் பக்கம் திரும்பவில்லை. அப்போது மாலை ஆறு மணி பதினேழு நிமிடம்.