பாதி விலைக்கு ஒரு பஸ் விளையாட்டு

இஞ்சி கொஞ்சம் தூக்கலாகப் போட்டிருக்கிறார்கள், மேடம். இந்த மழைக்கு டீ இப்படித்தான் இருக்க வேண்டும்.

வரும் வழியில் ஜீப்பில் உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் ராம்கி என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார். கம்ப்யூட்டர் கேம்களின் கீயைப் பாதி விலைக்கு விற்கிற இணையச் சந்தைகள் இருக்கின்றனவே, அவற்றை நம்பி வாங்கலாமா என்று. ஃபுட்பால் கேம் பைத்தியம் போலிருக்கிறது. கைது செய்து கூட்டிப்போகிறவனிடமே யோசனை கேட்கிற மனிதரை எனக்குப் பிடித்துப்போனது. நீங்கள்தான் முறைத்தீர்கள்.

நம்பலாம். என் கடையை நம்பலாம். அதையே முதல் வரியாக எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். வேறொரு வெள்ளைக்காரப் பெயரில் எட்டு வருஷமாக அந்தச் சந்தையில் விற்கிறேன். என்னிடம் வாங்கியவர்களில் அநேகமாக எல்லோருமே எனக்கு ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள். இந்த மதுரையில் எத்தனை கடைக்காரன் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியும்?

உங்களுக்கு இந்தத் தொழில் தெரியாது என்பதால் சொல்கிறேன். கீ என்பது எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீளமான குறி. கேம் விற்கும் பெரிய தளத்தில் அதைத் தட்டினால் கேம் உங்களுடையதாகிவிடும். அந்தக் குறியை இணையச் சந்தையில் யார் வேண்டுமானாலும் விற்கலாம். உனக்கு எங்கிருந்து கிடைத்தது என்று சந்தை கேட்காது. வாங்குகிறவனும் கேட்க மாட்டான். முழு விலை கொடுக்க மனசில்லாத கூட்டம் அது. ஆனால் கீ வேலை செய்யாவிட்டால் மட்டும் தர்ம நியாயம் பேசும். அந்தக் கூட்டத்தை வைத்துக்கொண்டு நல்ல பெயர் எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குப் புரிந்தால், மிச்சமும் புரியும்.

என் பெயர் சிவபாண்டி. கொட்டாம்பட்டிக்காரன். சிம்மக்கல்லில் பாத்திரக் கடைக்கு மேலே, முதல் மாடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பக்கத்து அறைக்கு வாடகைக்கு வந்தவன்தான் ஷாநவாஸ். நல்ல பையன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் மறுக்கவில்லை. கம்பெனி வேலையை விட்டுவிட்டுத் தனியாளாக ஒரு கேம் செய்துகொண்டிருந்தான். பெயர் ‘ரூட் பஸ்’. சிம்மக்கல்லிலிருந்து டி. கல்லுப்பட்டி வரைக்கும் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து டவுன் பஸ் ஓட்டுவது. போனை நீட்டிக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஏறி, ஹாரன் சத்தத்திலிருந்து கூடைக்காரம்மாக்கள் இடத்துக்குப் போடுகிற சண்டைவரை பதிவு செய்துகொண்டு வருவான்.

“அண்ணே, நம்ம ஊரு வண்டிய ஜெர்மன்காரன் ஓட்டப்போறான் பாருங்க” என்பான்.

“ஓட்டட்டும்டா. சரியான சில்லறை குடுப்பானான்னு கேளு” என்பேன்.

கேம் வெளியானது. புதுக் கேம் வந்தால், இணையத்தில் விமர்சனம் செய்கிறவர்களுக்கு இலவசமாகச் சில கீகள் அனுப்புவது இந்தத் தொழிலில் வழக்கம். அவர்கள் விளையாடிப் பார்த்து நாலு நல்ல வார்த்தை சொன்னால் விற்பனை கூடும். அந்த விமர்சகர்கள் நான்தான். போலந்தில் மாரெக் என்று ஒருவன் ஆனேன். பிரேசிலில் ஒரு பெண் ஆனேன். இன்னும் சில ஊர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சேனல், ஒரு படம், ஒரு மின்னஞ்சல். “எனக்கும் என் நண்பர்களுக்கும் சில கீகள் அனுப்ப முடியுமா?” என்று மரியாதையாகக் கேட்டேன். ஒவ்வொரு மடல் வந்ததும் ஷாநவாஸ் என் கடைக்கு ஓடிவருவான்.

“அண்ணே, போலந்துலருந்து ஒருத்தன் கேட்டுருக்கான்ணே.”

அவன் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று கீழே கூட்டிப்போய்ப் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தேன். அவன் அனுப்பிய கீகளைப் பாதி விலைக்குச் சந்தையில் போட்டேன். பாதிக்குக் கிடைக்கும்போது முழு விலைக்கு எவன் வாங்குவான்? அவனுடைய விற்பனை படுத்தது. என்னுடையது நடந்தது.

பிறகு அவன் சொந்த வலைப்பக்கத்திலேயே கீ விற்கத் தொடங்கினான். அங்கே நான் கார்டு போட்டு வாங்கினேன். கார்டு என்னுடையதில்லை. கார்டுகளின் சொந்தக்காரர்கள் எந்தெந்தத் தேசத்திலோ இருந்து புகார் செய்தபோது, வங்கி அந்தப் பணத்தை ஷாநவாஸிடமிருந்து திருப்பி எடுத்துக்கொண்டு அபராதமும் போட்டது. விற்க விற்கக் கைக்காசு போனது. அவன் ஆத்திரப்பட்டு, அந்தக் கீகளையெல்லாம் செல்லாதவையாக்கினான். உடனே நான் என் வாடிக்கையாளர்களுக்கு வேறு கீ கொடுத்துவிட்டேன். திட்டு அவனுக்கு விழுந்தது, நட்சத்திரம் எனக்கு விழுந்தது. வியாபாரம் என்றால் இதுதான், மேடம். வாடிக்கையாளரை நான் கைவிட்டதில்லை.

இதில் நான் செய்த தவறு ஒன்றே ஒன்று. அதையும் மறைக்கப் போவதில்லை.

என் அப்பா முத்திருளன் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஒரு நாள் மாரெக்குக்கு வந்த கீயில் அந்தக் கேமை நானே ஓட்டிப் பார்த்தேன். கண்டக்டர் ஒரே ஒரு விசில் கொடுத்தார். பஸ் கிளம்பிவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நம் ஊரில் ஒரு விசிலுக்கு வண்டி நிற்கும், இரண்டு விசிலுக்குக் கிளம்பும். இது தெரியாதவன் மதுரையில் எவனாவது இருக்கிறானா? இவன் அவசரத்தில் கோட்டை விட்டிருந்தான். “எனக்குக் கேம் ஆட நேரமில்லைடா” என்று அவனிடம் முன்பே சொல்லிவிட்டதால், சிவபாண்டியாகப் போய் அதைச் சொல்ல முடியாது. மாரெக்காக எழுதினேன். டபுள் விசில் கொடுத்தால்தான் பஸ் கிளம்ப வேண்டும் என்று போலந்திலிருந்து எழுதினேன். அந்த மடலை அனுப்பியதற்காக இன்றைக்கும் வருத்தப்படுகிறேன்.

அவன் அதைத் திருத்திவிட்டு மாரெக்குக்கு நன்றி சொல்லிப் பதில் போட்டான். அப்போது அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. தீபாவளிக்கு முந்தைய வாரம்தான் தோன்றியிருக்கிறது. கீகளை ஒவ்வொரு விமர்சகருக்கும் தனித்தனிக் கட்டாகப் பிரித்து வைத்துத்தான் அவன் கொடுத்திருக்கிறான். சந்தையில் என் கடையிலேயே தன் கேமின் கீ ஒன்றை வாங்கி, அது எந்தக் கட்டைச் சேர்ந்தது என்று பார்த்திருக்கிறான். அதைக் கண்டுபிடித்த அன்று மத்தியானம் நல்ல மழை. நனைந்துகொண்டே என் கடைக்கு வந்தான்.

“அண்ணே, சிக்கிட்டான்.”

“எவன்டா?”

“அந்த மாரெக்கு. என் கீய விக்கிறவன் அவன்தான். ஆனா அவன் போலந்துக்காரன் இல்லண்ணே. மதுரக்காரன்.”

“எப்புட்றா சொல்ற?”

“டபுள் விசிலு. ரெண்டு அடிச்சாத்தான் வண்டி கெளம்பும்னு வெள்ளக்காரனுக்கு எப்புடிண்ணே தெரியும்? நம்ம பஸ்ல தொங்கிக்கிட்டுப் போன பய எவனோதான். சாயங்காலம் சைபர் கிரைம் ஆபீஸுக்குப் போறேன். மெயில் எங்கருந்து வந்துச்சுன்னு அவுக எடுத்துருவாக. அம்புட்டுத்தான், அவன் கடைக்குப் பூட்டு.” பிறகு சிரித்துக்கொண்டே, “உங்கய்யாவும் கண்டக்டருதானண்ணே? அவர்ட்ட கேட்டா ஆளச் சொல்லிருவாரோ?” என்றான்.

“எங்கய்யாட்ட கேட்டா, மொதல்ல டிக்கெட்ட எட்றாம்பாரு.”

இரண்டு பேரும் சிரித்தோம். அவன் சிரிப்பு எனக்கு முன்பே நின்றுவிட்டது. அதை நான் கவனித்தேன்.

நீங்கள் பணத்துக்காகச் செய்தேன் என்று எழுதப் பார்ப்பீர்கள். அப்படி எழுதாதீர்கள். ஒருவன் எட்டு வருஷம் கட்டிய பெயரை இன்னொருவன் ஒரு சாயங்காலத்தில் அழிக்கப் போகிறேன் என்று என் கடையிலேயே நின்றுகொண்டு, என் துண்டை வாங்கித் தலை துவட்டிக்கொண்டு சொல்கிறான். நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அந்த நேரத்தில் கரண்ட் போனது. அதற்கு நான் பொறுப்பில்லை.

எங்கள் இரண்டு அறைக்கும் பொதுவாக ஒரு சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் உண்டு. வராந்தாவுக்கு வெளியே, படியேறி வரும் இடத்தில், திறந்த வெளியில் இருக்கும். அதைப் போட்டோம். ஷாநவாஸ்தான் சொன்னான்: “அண்ணே, மெஷின் நனையுது, உள்ள இழுத்துருவோமா?” ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து வராந்தாவுக்குள் இழுத்தோம். யோசனை அவனுடையது என்பதை எழுதிக்கொள்ளுங்கள். “போயி உன் வேலையப் பாரு, இரைச்சலா இருக்கும், கதவ பாதி சாத்துனாப்ல ஒஞ்சரிச்சு வச்சுக்க. நான் டீ குடிச்சிட்டு வாரேன்” என்றேன். புகாருக்கு வேண்டியதையெல்லாம் எடுத்து வைக்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டான்.

சாரல் உள்ளே அடித்தது. அதனால் வராந்தாவின் ஷட்டரை இறக்கினேன். பண்டிகைக் கூட்டத்தில் சிம்மக்கல்லில் திருட்டு அதிகம். அதனால் பூட்டினேன். எங்கள் அறைகளின் ஜன்னல்களை ஏசி வைத்தபோதே அடைத்துவிட்டோம். ஆகவே அந்த மாடிக்கு ஷட்டரைத் தவிர வேறு வழி கிடையாது, காற்றுக்கும்தான். இது எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். ஜன்னலை அடைத்தவனே நான்தான்.

எதிர்ச் சாரியில் டீக்கடை. அங்கே நிற்கும்போதுதான் அவன் போன் செய்தான். நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற அந்த போன். பேசியதை அப்படியே சொல்கிறேன்.

“அண்ணே, எங்கருக்கீக? ஷட்டர் பூட்டிக் கெடக்கு. தலைய வலிக்குது, ஒரு மாதிரி வருது. ஜென்ரேட்டர அமத்திரவா?”

“அமத்திராதடா. ஒரு கஸ்டமரோட ஹார்டு டிஸ்க்க என் கடைல காப்பி போட்ருக்கேன். பாதில நின்னா அந்தாளு அஞ்சு வருச வேலை போயிரும்.”

“ஐயையோ. சரிண்ணே.”

“கதவச் சாத்திட்டு உள்ள உக்காரு. புகை அங்க வராது. இந்தா வந்துட்டேன்.”

“வெரசா வாங்கண்ணே.”

“வாரேன்.”

ராத்திரி பகலாக உட்கார்ந்து வேலை பார்க்கிறவனுக்கு, பாதியில் அழிந்துபோவது என்றால் என்னவென்று தெரியும். இன்னொருவன் வேலை அழியக்கூடாது என்று அவன் ஜெனரேட்டரை நிறுத்தவில்லை. அவனைப் பற்றி நான் சொல்லக்கூடிய நல்ல விஷயம் இது. என் கடையில் எந்த டிஸ்க்கும் ஓடவில்லை.

இரண்டாவது டீ சொன்னேன். தீபாவளி வியாபாரம் என்பதால் அந்தச் சாலையில் எல்லாக் கடை ஜெனரேட்டரும் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நிற்கிறவன் பேசுவது கேட்காது. பிறகு கரண்ட் வந்தது. ஒவ்வொரு கடையாக ஜெனரேட்டரை நிறுத்தினார்கள். பாத்திரக் கடை, பிளாஸ்டிக் கடை, கயிற்றுக் கடை. தெரு அமைதியானது. மழைச் சத்தம் மட்டும். அப்புறம் எங்கள் மாடி ஜெனரேட்டர். அது மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்த யாருமில்லை என்று எனக்கு அப்போது உறுதியானது. டீக்குக் காசு கொடுத்துவிட்டு மேலே போனேன்.

திறந்ததும் நான் போட்ட கூச்சலைத் தெருவே கேட்டது. ஆம்புலன்ஸில் கூடவே போனவன் நான். ஜனாஸா ஊர்வலத்தில் பள்ளிவாசல் வரை நடந்தவன் நான். ஜெனரேட்டர் புகை மூச்சில் ஏறிய விபத்து என்றுதான் நீங்களும் எழுதினீர்கள். பாத்திரக் கடைக்காரர் தன் கேமராவில் நான் பூட்டுப் போடுவதைப் பார்க்காமலிருந்தால் அப்படியே இருந்திருக்கும்.

துக்கம் கேட்கப் போயிருந்தேன். அவன் மனைவி நுஸைபா, கணவனை இழந்தவர்கள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருந்ததால் வெளி ஆண்கள் முன்னால் வரவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று பேசினாள்.

“அன்னைக்கு உங்களையும் கூட்டிக்கிட்டுத்தான் ஆபீஸுக்குப் போகணும்னாகண்ணே. ‘சிவபாண்டி அண்ணனுக்கு இந்த மெயிலு, கீயி எல்லாம் அத்துபடி. அவரு எடுத்துச் சொன்னாத்தான் போலீஸுக்குப் புரியும்’னு போன்ல சொன்னாக.”

ஆக, அவன் என்னைச் சந்தேகப்படவில்லை. தகவல் கொஞ்சம் தாமதமாக வந்தது. ஆனால் அந்த ஆபீஸில் போய் உட்கார்ந்தபிறகு சந்தேகப்பட்டிருப்பான் அல்லவா? நான் சற்று முந்திக்கொண்டேன்.

செய்தி பரவியது. கேம் செய்த இளைஞன் தன் மேஜையிலேயே இறந்துபோனான் என்று உலகம் முழுக்க எழுதினார்கள். இரக்கப்பட்டு ‘ரூட் பஸ்’ஸை வாங்கினார்கள். என்னிடம் அவன் கீகள் நிறைய மீதியிருந்தன. இந்தத் தடவை நான் பாதி விலைக்கு விற்கவில்லை, முழு விலைக்கே போட்டேன். இறந்தவனுக்கு நான் செய்த மரியாதை அது. வந்ததில் ஒரு பங்கை நுஸைபா வீட்டுக்குத் தவறாமல் கொடுத்தனுப்பினேன். அவனோடு படித்தவர்கள், அவன் ஜமாத்துக்காரர்கள், அவனைப் பாராட்டி எழுதிய அத்தனை பேரிலும் மாதாமாதம் அந்த வீட்டை நினைத்தவன் நான் ஒருவன்தான்.

முந்தாநாள்கூட போன் செய்தாள்.

“அண்ணே, அவுக கேம இன்னமும் ஆளுக வாங்குறாகளாண்ணே?”

“வாங்குறாங்கம்மா. நீ கவலப்படாத, நான் இருக்கேன்ல.”

“உங்கள விட்டா எனக்கு யாருண்ணே இருக்கா” என்று அழுதாள். கூடப்பிறந்தவர்கள் இல்லாத பெண், மேடம். நான் சமாதானம் சொல்லித்தான் போனை வைத்தேன்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். ஷட்டரை இறக்கியது நான். பூட்டியது நான். வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாதது நான். ஷாநவாஸைக் கொன்றது நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் இதை நுஸைபாவிடம் போய்ச் சொல்லப்போவது நீங்கள். புருஷனைப் பறிகொடுத்த பெண்ணிடமிருந்து இருக்கிற ஒரே அண்ணனையும் பிடுங்கப் போகிறீர்கள். அந்தப் பாவத்தை என் தலையில் எழுதாதீர்கள்.