ஒடிசாப் பெண்ணுக்குப் பெண் வீட்டார்

"நான் இந்தப் புள்ளைக்கு அம்மாவாகி ஒரு டீ குடிக்கிற நேரங்கூட ஆகல. அதுக்குள்ள சம்பந்தி சண்டையா?"

அரசு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டு வாசலில், தன் மருமகளின் பிரசவத்துக்காகக் காத்திருந்த பொன்னமராவதிக்கார அம்மாள் சொன்னது இது. அவர் 'இந்தப் புள்ளை' என்றது மருமகளை அல்ல; உள்ளே வலியில் கிடந்த இன்னொருத்தியை. அவள் ஜெகதாப்பட்டினம் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒடிசாக்காரரின் மனைவி. "துணைக்குப் பொம்பளை ஆள் இல்லாட்டி வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவோம்" என்று நர்ஸ் சொன்னதும், "நான்தான் அவ அம்மா" என்று இவர் எழுந்துவிட்டார்.

"அப்ப நான் மாப்பிள்ளைக்கு அம்மா" என்று பக்கத்து பெஞ்சு அம்மாளும் கையைத் தூக்க, வம்பு ஆரம்பித்தது.

"தலைப்பிரசவம். பொண்ணு வீட்டுல ஒரு பிளாஸ்க்கு கூடக் கொண்டாரலையே."

"ஒங்க மகன் மரம் மாதிரி நிக்கிறாரே, அத மொதல்ல கேளுங்க."

"எம் மகன் தங்கம்ங்க."

"அந்தத் தங்கத்துக்குப் பேரென்ன?"

மாப்பிள்ளை வீட்டம்மா, கதவோரம் நின்ற ஒடிசாக்காரரைத் திரும்பிப் பார்த்தார். தமிழ் புரியாத அந்த மனிதர் இருவரையும் கும்பிட்டார்.

"நாங்க வீட்டுல தம்பின்னுதான் கூப்புடுவோம்."

உள்ளே ஓர் அலறல் கேட்டது. இரண்டு அம்மாக்களும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். பிறகு கதவு திறந்தது.

"பொம்பளைப் புள்ளை. தாயும் நல்லாருக்கு. யாரு வாங்குறீங்க?"

பெண் வீட்டம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே கை நீட்டினார். மாப்பிள்ளை வீட்டம்மா எட்டிப் பார்த்தார்.

"அழாதீங்க சம்பந்தி. நெறம் ஒங்க பக்கந்தான். ஆனா மூக்கு அப்படியே எங்க வீட்டு மூக்கு."